சந்திரனுக்குப் போகாத சிரிப்பு!

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி.

ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் சந்திரனில் இறங்கிக்கொண்டு இருந்தார்கள். ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் இருவரும் வீடு திரும்ப முடியாது!

அவர்களுடைய கலத்துக்கு வழிகாட்டியது ஒரு கம்ப்யூட்டர். எடை சுமார் 32 கிலோ. அது என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொரு கட்டளையாக எழுதிக் கொடுத்தவர்கள், அமெரிக்காவில் உள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள்.

இது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அந்தத் தாள்களில் சிரிப்புக்கு இடம் உண்டா?

உண்டு!

எரியடி, கண்ணே!

எஞ்சினைப் பற்றவைக்கும் கட்டளைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "எரியடி, கண்ணே, எரி!"

இன்னொரு வரியின் பக்கத்தில், "இது தற்காலிகம்தான். நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன்" என்று ஒரு குறிப்பு. அந்தத் "தற்காலிக" வரியோடுதான் கலம் புறப்பட்டது!

வீரர்கள் கம்ப்யூட்டரோடு எண்களால் பேசினார்கள். என்ன செய்வது என்பதற்கு ஓர் எண். அதற்கு "வினைச்சொல்" என்று பெயர். எதைச் செய்வது என்பதற்கு இன்னோர் எண். அது "பெயர்ச்சொல்".

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில், "பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பேசுகிறவர்களை நீ பக்கத்தில் வைத்திருக்கிறாய்" என்று ஒரு பிரபு மீது கலகக்காரன் குற்றம் சாட்டுகிறான். அந்த வசனத்தை நிபுணர்கள் தேடிப் பிடித்துத் தங்கள் தாளில் எழுதி வைத்தார்கள்!

பொய் சொல்கிறாரா?

இறங்குவதற்கு முன், உயரத்தை அளக்கும் ரேடாரின் ஏரியல் சரியான பக்கம் திரும்பி இருக்கவேண்டும். இல்லாவிட்டால், கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் காட்டி வீரரை எச்சரிக்கும்.

அந்த இடத்தில் உள்ள குறிப்பு: "வீரரே, அந்த அசட்டுச் சாமானைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள்."

வீரர் அதைத் திருப்பிவிட்டு, பொத்தானை அமுக்குவார். "ஆயிற்று" என்று அதற்கு அர்த்தம். உடனே கம்ப்யூட்டர் நம்பிவிடுமா?

அடுத்த குறிப்பைப் பாருங்கள்: "அவர் பொய் சொல்கிறாரா, பார்!"

கம்ப்யூட்டர் மறுபடியும் ஏரியலைச் சோதிக்கும். சரியாக இருந்தால்தான் மேலே போகும்.

ஆபத்து இல்லையா?

இந்த வேடிக்கையால் கம்ப்யூட்டர் குழம்பிவிடாதா? குழம்பாது. குறிப்புகள் எல்லாம் உடன் வேலை செய்கிறவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. எந்திரத்துக்குள் போவது கட்டளை மட்டுமே.

கட்டளைகளை எந்திரத்துக்குள் ஏற்றியவர்கள் பெண்கள். சின்னஞ்சிறு காந்த வளையங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் மெல்லிய கம்பியைச் செலுத்தி, நெசவு போல நெய்தார்கள். ஒரு கம்பி இடம் மாறினாலும் கட்டளை தவறிவிடும்.

வேடிக்கைப் பேச்சை யாரும் நெய்யவில்லை. அது பூமியில், தாளிலேயே தங்கிவிட்டது. அந்தத் தாள்களை இன்று இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம்.

ஆனால், "ஆயிற்று" என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை பார்க்கும் அந்தச் சோதனை இருக்கிறதே, அது வீரர்களோடு சந்திரன் வரை போயிற்று!