பி.டி. பீரியடை விட்டுக் கொடுக்காதீங்க!

என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். பரீட்சை நெருங்கினால், ஒன்றைக் கணக்கு மிஸ் எடுத்துக் கொள்வார். மழை வந்தால் இன்னொன்றும் போச்சு! போதாக்குறைக்கு, ஹோம் ஒர்க் முடிக்காத பிள்ளைகளை அந்த நேரத்தில்தான் உட்கார வைத்து எழுதச் சொல்கின்றனர். துறுதுறுன்னு இருக்கிற பிள்ளைக்குத்தான் இந்தத் தண்டனை அதிகம்.

ஐந்து முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள், தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என, உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொல்லி இருக்கிறது. வேனில் போய், பெஞ்சில் உட்கார்ந்து, வேனில் திரும்பி, டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் ஏது? பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். எங்கள் பள்ளியிலும் மைதானம் இருக்கு. அதில் வேன்கள்தான் நிற்கின்றன!

தாய்மார்கள் ஆறு பேர் சேர்ந்து தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். "மேடம், பிரேயர் முடிஞ்சதும் தினமும் 15 நிமிஷம் ஓட விடுங்க. நொண்டி, பாண்டி, கயிறு தாண்டுறது போதும்; செலவே இல்லை" என்றோம்.

"கீழே விழுந்தா, நீங்கதானே சண்டைக்கு வருவீங்க?" என்றார். அதிலும் நியாயம் இருக்கு. முழங்காலில் சிராய்ப்புன்னா, டைரியில் ஒரு பக்கம் எழுதி அனுப்பும் அம்மாக்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. சின்னக் காயத்துக்குப் புகார் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

இப்போது மூன்றாம் வகுப்பு வரை தினமும் 15 நிமிடம் ஆட்டம், ஓட்டம்தான். நாலு, ஐந்தாம் வகுப்புக்கும் கேட்டிருக்கிறோம், "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.