71.74 வேகமா, மந்தமா?

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பின்னர் இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரராகி 146 ஒருநாள் ஆட்டங்களில் 4,091 ரன்கள் எடுத்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தின் ஸ்டிரைக் ரேட், அதாவது 100 பந்துகளுக்கு அவர் எடுத்த ரன், 71.74 ஆகும். தாம்பரம், வேளச்சேரி மைதானங்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் இளைஞர்களிடம் பெயரைச் சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் காட்டினால், கட்டை போடுகிறவர் என்றே முடிவு கட்டுவார்கள். ஸ்ரீகாந்தின் ஆட்டத்தைப் பார்த்த தலைமுறைக்கோ அவர்தான் அதிரடி. இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் வழி, வீரரின் எண்ணை அவர் காலத்துப் பொதுச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குவதே. விடை 100 என்றால் அவர் சராசரி வீரர், கூடுதலாக வந்தால் அந்த அளவுக்கு மேலானவர்.

இக்கணக்கை நெடுங்காலமாகக் கையாள்வது அமெரிக்காவின் பேஸ்பால் உலகம். அங்கு மட்டையாளரின் சராசரி என்பது அவருக்குக் கணக்கில் சேரும் வாய்ப்புகளில் எத்தனையில் ஹிட் அடித்தார் என்பதன் விகிதம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெர்ரி 1930-இல் ஆயிரத்துக்கு 401 என அடித்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கார்ல் யாஸ்திரெம்ஸ்கி 1968-இல் வெறும் 301-ஐ வைத்தே தம் லீகில் முதலிடம் பெற்றார். ஆனால் டெர்ரியின் லீகில் அவ்வாண்டின் பொதுச் சராசரியே 303, யாஸ்திரெம்ஸ்கியின் லீகில் 230. வகுத்துப் பார்த்தால் முன்னவருக்கு 132, பின்னவருக்கு 131; நூறு புள்ளி வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போகிறது. பந்தெறிபவர்களின் கை அந்த அளவுக்கு ஓங்கியிருந்ததால்தான், அவர்கள் நின்று எறியும் மேட்டின் உயரம் மறு ஆண்டே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

இதே அளவுகோலை 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தியா 54.4 ஓவரில் 183, மேற்கிந்தியத் தீவுகள் 52 ஓவரில் 140. உதிரி ரன்களையும் சேர்த்து இரு அணிகளும் 640 பந்துகளில் 323 ரன்கள், அதாவது நூறு பந்துக்கு 50.5. ஸ்ரீகாந்த் 57 பந்துகளில் எடுத்த 38 ரன்களின் விகிதம் 66.7. இன்றைக்கு ரசிகர்கள் சலித்துக்கொள்ளும் இந்த வேகம் அன்றைய ஆட்டத்தின் அளவில் 132 ஆகிறது. டெர்ரியின் எண்ணோடு இது ஒத்துப்போவது தற்செயல்தான். ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றால், அக்காலத்தின் பிற தொடக்க ஆட்டக்காரர்களைப் பார்க்கலாம்: கவாஸ்கர் 62.26, ஹெய்ன்ஸ் 63.09, கிரீனிட்ஜ் 64.92. இம்மூவரின் சராசரியை ஸ்ரீகாந்த் சுமார் 13 விழுக்காடு விஞ்சுகிறார். முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர் மட்டுமே நிற்கலாம் என்ற சலுகை, உலகக் கோப்பைக்கு 1992-இல்தான் வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த ஒப்பீடு எப்போதும் ஆளைத் தூக்கிவிடாது. அதே மூவரில் கிரீனிட்ஜின் ஒருநாள் சராசரி 45.03, ஹெய்ன்ஸுடையது 41.37; ஸ்ரீகாந்துடையதோ 29.01. வேகத்துக்கு அவர் கொடுத்த விலை அது. 43 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் பெற்ற 29.88-ஐயும் எந்த வகுத்தலாலும் காப்பாற்ற முடியாது, ஏனெனில் அவருடன் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய கவாஸ்கரின் டெஸ்ட் சராசரி 51.12.

புறநகர்ப் போட்டிகளுக்கும் இது பொருந்தும். ஒரு தொடரில் மட்டையால் வந்த ரன்கள் அனைத்தையும் விழுந்த விக்கெட்டுகளால் வகுத்தால் அத்தொடரின் சராசரி கிடைத்துவிடும்; அது 12 என்றால், 18 சராசரி வைத்திருப்பவரின் எண் 150. மேட் விரித்த களத்தின் தொடரையும் புல்தரைக் களத்தின் தொடரையும் ஒன்றாகக் கூட்டாமல் தனித்தனியே வகுக்க வேண்டும். வேகத்தை அளக்க விரும்பினால் ஒவ்வொருவரும் சந்தித்த பந்துகளையும் ஸ்கோர் புத்தகத்தில் குறித்துவைப்பது கட்டாயம்.