மழை மறைவில் மகிழ்விடங்கள்

ஈரோட்டு மக்கள் விடுமுறை நாளில் எங்கே செல்கின்றனர்? கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கொடிவேரி அணைக்கட்டில் அருவிபோல் வழியும் நீரில் குளிக்கச் செல்கின்றனர், பரிசலில் ஏறுகின்றனர், பொரித்த மீனைச் சுவைக்கின்றனர். சிலர் பவானிசாகர் அணைப் பூங்காவை நாடுகின்றனர். ஆடிப் பதினெட்டு அன்று பவானி கூடுதுறையில் கூட்டம் அலைமோதும். குளிர்காலத்தில் வெள்ளோட்டுக் குளத்தில் பறவைகளைக் காணலாம். இவ்விடங்கள் அனைத்துக்கும் பொதுவானது நீர். எனினும் கொடிவேரியில் பாயும் நீர், ஈரோட்டுச் சமவெளியில் பெய்த மழையன்று. பெரும்பாலும் மேற்கே மலையில் பெய்த மழையாகும். சமவெளி வறண்டிருப்பதற்கும் அம்மலையே காரணம். இஃது எவ்வாறு?

மலை செய்யும் மாற்றம்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கிடவே அது மேலே ஏறுகிறது. உயரே அழுத்தம் குறைவு. ஆதலால் காற்று விரிந்து குளிர்கிறது. நீராவி குளிர்ந்து மழையாகிறது. மலையின் மறுபுறம் இறங்கும் காற்று அழுத்தப்பட்டு மீண்டும் வெப்பமடைகிறது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மேகம் உண்டாகாத காற்று, ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடு குளிரும். மேகம் உண்டாகத் தொடங்கியபின், நீராவி விடுக்கும் உள்ளுறை வெப்பத்தால் ஏறத்தாழ 6 டிகிரி மட்டுமே குளிரும். கடலோரத்தில் 30 டிகிரியில் உள்ள காற்று, 500 மீட்டர் உயரத்தில் மேகமாகத் தொடங்குவதாகக் கொள்வோம். அங்கே அதன் வெப்பநிலை 25 டிகிரி. 2,000 மீட்டரில் 16 டிகிரி. மழையை உதிர்த்துவிட்டுக் கோயம்புத்தூர் மட்டமாகிய 400 மீட்டருக்கு இறங்கும்போது 16 டிகிரி கூடி 32 டிகிரியாகிறது. ஈரத்தை இழந்து, வெப்பத்தைப் பெற்றுவிட்டது! இத்தகைய காற்றில் மேகம் எளிதில் திரள்வதில்லை.

ஆகவேதான் வால்பாறை மலையிலுள்ள சின்னக்கல்லாரில் ஆண்டுக்கு 300 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, ஈரோடு ஏறத்தாழ 70 சென்டிமீட்டரோடு அமைகிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதே. இத்தகைய பகுதியை மழை மறைவுப் பகுதி என்பர்.

பாலையில் ஓர் உல்லாச நகர்

இதே விதி இன்னும் கடுமையாகச் செயற்படும் இடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பாம் ஸ்பிரிங்ஸ் ஆகும். பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்றை 3,302 மீட்டர் உயரமுள்ள சான் ஜெசின்டோ மலை தடுத்துவிடுகிறது. நகருக்குக் கிடைக்கும் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சென்டிமீட்டரே. கோடையில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும். ஆயினும் அது புகழ்பெற்ற சுற்றுலா நகர்! காவியா பழங்குடி மக்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் வெந்நீர் ஊற்று, மலையிடுக்குகளில் வளரும் விசிறிப் பனைகள், குளிர்காலத்து இளவெயில் ஆகியவை மக்களை ஈர்க்கின்றன.

அங்குள்ள பெருங்கவர்ச்சி, 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தி ஆகும். அது 806 மீட்டரிலிருந்து 2,596 மீட்டருக்குப் பத்து நிமிடங்களில் ஏறுகிறது. மேலே கூறிய கணக்கின்படி, உலர்ந்த காற்றில் 1,790 மீட்டர் உயர்வுக்கு ஏறத்தாழ 18 டிகிரி வெப்பம் குறையலாம். கீழே பாலை முட்செடி. மேலே ஊசியிலைக் காடு, குளிர்காலத்தில் பனி!

நமக்கு இது புதிதன்று. மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 330 மீட்டரில் புறப்படும் மலை இரயில், 2,200 மீட்டரில் உள்ள உதகையை அடைகிறது. 46 கிலோமீட்டர் பாதையில் பல்சக்கரத்தின் துணையோடு ஏற அதற்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இரண்டிலும் பயணி விலை கொடுத்துப் பெறுவது உயரம் தரும் குளிர்ச்சியே. மற்றோர் ஒற்றுமையும் உண்டு. அங்கே சான் கர்கோனியோ கணவாயிலும், இங்கே பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. மலைச்சுவரில் உள்ள இடைவெளி வழியே காற்று விரைந்து பாய்வதே காரணம்.

நீரின் கணக்கு

பாம் ஸ்பிரிங்ஸ் அமைந்துள்ள பள்ளத்தாக்கில் நூற்றுக்கு மேற்பட்ட கோல்ப் திடல்கள் உள்ளன. அந்த வெயிலில் புல் பசுமையாயிருக்க ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு நீர் தேவை. மழை தருவதோ 12 சென்டிமீட்டர். எஞ்சியது நிலத்தடியிலிருந்தும் தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றிலிருந்தும் வரவேண்டும். நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்ததால், 1973 முதல் ஆற்றுநீரை மணற்படுகையில் தேக்கி நிலத்துள் இறக்கி வருகின்றனர். புல் உறிஞ்சிய நீரோ ஆவியாகி மறைகிறது.

இங்கே நாம் இருவகைப் பொழுதுபோக்கைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று நீரைச் செலவிடுவது. மற்றொன்று கடந்து செல்லும் நீரில் மகிழ்வது. கொடிவேரி இரண்டாம் வகை. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை, 105 அடி மட்டத்தில் 32.8 டி.எம்.சி. நீரைத் தேக்குகிறது. கீழ்பவானிக் கால்வாய் வழியே அது இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. ஆற்றில் விடப்படும் நீர் கொடிவேரியை அடைந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் பிரிகிறது. உழவுக்குச் செல்லும் வழியில் அந்நீர் நம்மையும் மகிழ்விக்கிறது. குளிப்பதால் அதன் அளவு குறைவதில்லை.

ஆனால் அதன் தன்மை குறையலாம். சோப்பு நுரையும், எண்ணெயும், நெகிழிப் பைகளும் நீரோடு கீழே செல்கின்றன. கீழே வயல்கள் உள்ளன. அந்த ஆற்றைக் குடிநீருக்கு நம்பிய ஊர்களும் உள்ளன. அன்றியும், ஆழ்குழாய்க் கிணற்று நீரால் புல்வெளியும் நீச்சற்குளமும் அமைக்கும் விடுதிகள் கொங்கு நாட்டில் பெருகுமாயின், பாம் ஸ்பிரிங்ஸ் சந்தித்த இடர் நமக்கும் நேரும். தொலைவிலிருந்து நீர் கொணர நமக்கு ஒரு கொலராடோ ஆறு இல்லை. ஆதலின் ஒரு மகிழ்விடத்தை அமைக்கும் முன், அதற்குரிய நீர் எங்கிருந்து வருகிறது, பயன்பட்டபின் எங்கே செல்கிறது என்னும் இரு வினாக்களையும் கேட்டறிதல் நம் கடமையாகும்.