பழைய காரும் சிறிதளவு கிறீஸும்

வீட்டில் பழைய மோட்டார்க் கார் ஒன்று இருக்குமாயின், அதனைத் துடைத்துப் பளபளப்பாக்குவதில் நாம் பெருமை கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இடங்களையோ மறந்துவிடுகிறோம். அம்மறதி உயிருக்கே உலைவைக்கக்கூடும்.

நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. உறுதிக்குப் பெயர்பெற்ற இவ்வண்டிக்கும் பலவீனமான ஓரிடம் உண்டு. முன்சில்லைத் தாங்கித் திருப்பும் அச்சின் இரு முனைகளும் புரியுள்ள மூட்டுக்களில் பொருந்தியிருக்கின்றன. அங்கே கிறீஸ் வற்றினால் புரிகள் தேயும். தேய்வு முற்றினால் கீழ்மூட்டுக் கழன்று, ஓடும்போதே சில்லு சரிந்துவிடும்.

இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை காரை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துதல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே நுழையலாகாது. இரு பக்கங்களிலும் மேல்மூட்டுக்கும் கீழ்மூட்டுக்கும், பழைய அழுக்கு வெளியேறிப் புதிய கிறீஸ் தெரியும்வரை ஏற்றுக. பின்னர் சில்லைப் பிடித்து அசைத்துப் பார்க்க.

ஒரு ஞாயிறு காலையில் எமது காரிலும் அவ்வாறு ஆட்டங் கண்டோம். மறுநாள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லவிருந்த கார் அது! தேர்ந்த மெக்கானிக் ஒருவர் மூட்டை மாற்றும்வரை அதனை வீதிக்கு எடுத்தோமில்லை. பிள்ளைகள் பஸ்ஸிலே சென்றனர். நேயர்களும் அவ்வாறே செய்வார்களாக.