தலையற்ற உடல்களும் பழி சுமக்கும் பெண்களும்



மிஷ்கின் இயக்கிய 'சைக்கோ' 2020 ஜனவரியில் வெளிவந்த படம். அதைப் பற்றி இப்போது ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். திரையரங்குகளை விட்டு அது எப்போதோ போய்விட்டது. கைத்தொலைபேசிகளை விட்டு இன்னும் போகவில்லை. பதுளையிலும், பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பாராமலே குறை கூறுவது நீதியன்று. ஆகவே முழுவதையும் பார்த்தேன்.

இளம்பெண்களைக் கடத்தித் தலையைத் துண்டிக்கிறான் ஒருவன். வானொலி அறிவிப்பாளரான தாகினியும் அவனிடம் சிக்குகிறாள். அவளை நேசிக்கும் பார்வையற்ற இசைக்கலைஞன் கௌதம், உடல் இயங்காத முன்னாள் பொலிஸ் அதிகாரி கமலாவின் துணையோடு அவளைத் தேடுகிறான். இளையராஜாவின் இசையும், கமலாவாக வரும் நித்யா மேனனின் நடிப்பும் உயர்ந்தவை. இதை மறைக்க வேண்டியதில்லை.

இரத்தம் மட்டுமா குற்றம்?

1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம். அதில் இரத்தமாக ஓடியது சொக்லட் பாகு. கத்தி உடலைக் கிழிப்பதை விட, கிழிப்பதாக நம்மை எண்ண வைத்ததே அதிகம். இன்றைய படமோ வெட்டுப்பட்ட உடலையே கண்முன் கிடத்துகிறது. போர்க்களத்தில் எதிரியின் உடலைக்கூடச் சிதைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இறந்தவரின் உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அதே உடலை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துப் பழகும் கண்ணுக்கு அந்தக் கண்ணியம் எப்படி விளங்கும்?

ஆனால் என்னை அதிகம் வருத்தியது இரத்தமன்று; படம் போடும் பழிக்கணக்கு. 1960இன் படத்தில் கொலைக்குக் காரணம் கொலைகாரனின் தாய் என்றார்கள். 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' கதாநாயகனின் வெறிக்குப் பெண்களின் துரோகத்தைக் காட்டியது. 2020இல் பள்ளிப் பருவத்தில் கொடுமைப்படுத்திய ஆசிரியை வருகிறாள். வெட்டுப்படுவதும் பெண், வெட்டுவதற்குக் காரணமும் பெண்! கொலைகாரனின் சிறுவயதுக் கதை நமக்குத் தெரிகிறது. கொல்லப்பட்ட பெண்களுக்கும் தாய் தந்தை, சிறுவயது இல்லையா? அவர்களை யார் நினைவில் வைக்கிறார்கள்?

பிள்ளையை அடித்து இழிவுபடுத்துவது கொடுமைதான். ஆசிரியனாகிய நான் அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிபட்டு வளர்ந்தோர் எத்தனை பேர்! அவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் கொல்லவில்லை. துன்பம் ஒரு விளக்கம், மன்னிப்புச் சீட்டன்று.

அங்குலிமாலாவின் பெயர்

படத்தில் கொலைகாரனின் பெயர் அங்குலிமாலா. ஊவாவில் வாழும் நமக்கு இப்பெயர் புதிதல்ல. சிங்கள அயலவர்களின் மரபுப்படி, கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்த கொள்ளையன் அவன். புத்தரைச் சந்தித்துத் திருந்துகிறான். பின்னர் ஊராரின் கல்லடியைப் பொறுத்துக்கொள்கிறான். பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணின் நலம் வேண்டுகிறான். அதனாலேயே இன்றும் கர்ப்பிணிகளுக்காக அங்குலிமால பிரித் ஓதுகிறார்கள். அக்கதையில் திருந்தியவன் தன் செயலின் விளைவைத் தானே சுமக்கிறான். படத்திலோ, கட்டுண்டு கிடக்கும் பெண் தன்னைக் கொல்ல வந்தவனைக் குழந்தையாகப் பார்த்து இரங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையையும் அவள் தலையிலேயே ஏற்றுகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

இந்தியத் தணிக்கைக் குழு இப்படத்துக்கு 'ஏ' சான்றிதழ் வழங்கியது. அது வயது வந்தோருக்கு மட்டுமே என்பது அதன் பொருள். திரையரங்கு வாசலில் தடுக்க ஆள் உண்டு. லயத்துக் காம்பராவில் பெரியவர் பார்ப்பதைச் சிறியவரும் பார்ப்பார். அங்கே வாசல் காப்பவர் நீங்கள்தான்.

பிள்ளைகள் தூங்கும் அறையில் இத்தகைய படங்களைப் போடாதீர்கள். பார்த்துவிட்ட பிள்ளையை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை ஒளித்துப் பார்க்கும். இரவில் பயந்தால் கேலி செய்யாமல் அருகில் படுக்க வையுங்கள். வளர்ந்த மகனிடம், "அந்தப் பெண்கள் என்ன தவறு செய்தார்கள்?" என்று கேளுங்கள். அவன் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். மகளுக்கு முன்னால் கேட்பது இன்னும் நல்லது. பெண்ணுக்கு நேரும் கொடுமைக்கு அவளே பொறுப்பல்ல என்பதை அவளும் தன் வீட்டிலேயே கேட்டு வளர வேண்டும்.