வந்து வந்து போகும் காமாலையா? உஷார்!

காமாலை என்றாலே நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். “அரைச்சு மோர்ல கலந்து மூணு நாள் குடிச்சா சரியாப் போயிடும் டாக்டர்” என்று எனக்கே வைத்தியம் சொல்பவர்கள் உண்டு! கிருமி தாக்கிக் கல்லீரல் வீங்குவதால் வரும் காமாலைக்கு சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மூலிகை அது. ஆனால், பித்தநீர்க் குழாயே அடைத்துக்கொண்டால்? மூலிகையால் அந்த அடைப்பை எடுக்க முடியாது.

அடைப்புக்குப் பெரும்பாலும் கல் காரணமாக இருக்கும். அபூர்வமாக, குழாயின் உள்சுவரில் கோழிக்கொண்டைப் பூ போல சதை வளர்வதுண்டு. இதுதான் பாப்பிலரி கட்டி. ஜப்பான், கொரியா, தைவான் பக்கம் அதிகம். கல்லீரலுக்குள் தங்கும் கற்கள், சரியாக வேகாத ஆற்றுமீன் மூலம் வரும் புழு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதைத் தனி வகையாகச் சேர்த்தது.

ஏமாற்றும் சளி

இந்தக் கட்டிகள் பலவற்றில் வெண்டைக்காய்க் கொழகொழப்பு போல சளி சுரக்கும். அது குழாயை அடைத்தால் காமாலை. தானே நகர்ந்தால் மஞ்சள் இறங்கிவிடும். அந்த வாரம் எந்த மருந்தைச் சாப்பிட்டோமோ, பெயர் அதற்குப் போய்விடும்! உள்ளே கட்டியோ வளர்ந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறலாம்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மலம் வெளுத்துப் போவது, சிறுநீர் கடுந்தேநீர் நிறமாவது, உடம்பெல்லாம் அரிப்பு, காமாலை திரும்பத் திரும்ப வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனையும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனும் எடுங்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். காமாலையோடு குளிர் ஜுரமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிகிச்சை என்ன?

அறுவை சிகிச்சைதான். கட்டியுள்ள குழாயையும், அதைச் சேர்ந்த கல்லீரல் பகுதியையும் எடுப்பார்கள். ‘கல்லீரலை வெட்டுறதா!’ என்று பதற வேண்டாம். மீதமுள்ள கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டும். கட்டி சுவரைத் துளைத்துப் பரவும் முன் முழுதும் எடுத்துவிட்டால், சாதாரணப் பித்தக்குழாய்ப் புற்றைவிடப் பலன் நன்றாகவே இருக்கும். மறுபடி வரக்கூடும் என்பதால் தொடர் பரிசோதனை அவசியம். சித்த மருந்து சாப்பிடுபவர்கள் அதை சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லி எங்கும் ஓடிப்போகாது. முதலில் இது எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். மருந்தை அப்புறம் தேடலாம்.