ஜப்பானில் புத்தாண்டு: மணி அடிக்கும் முன்னே செய்ய வேண்டியவை

டிசம்பர் 31 நள்ளிரவில் ஜப்பானின் புத்தக் கோயில்களில் காண்டாமணி 108 முறை ஒலிக்கும். மனிதனைப் பிடித்தாட்டும் 108 ஆசைகளும் ஒவ்வோர் அடியிலும் ஒன்றாகக் கழிவதாக ஐதீகம். விடிந்தால் ஆண்டின் முதல் வழிபாடு. டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டும் முதல் மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் வருவார்கள்.

இதைக் காணப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கொண்டாட்ட நாட்களில்தான் அங்கே கதவுகள் மூடியிருக்கும். அரசு அலுவலகங்களுக்கு டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை. கிளினிக்குகளும் சிறு உணவகங்களும் பெரும்பாலும் அடைத்திருக்கும். தீபாவளியன்று மருந்துக்கடை தேடி அலைவதுபோலத்தான்; மொழியும் தெரியாது என்பது கூடுதல் சிரமம்.

கிளம்பும் முன்

இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சளி மாத்திரையும் இருமல் மருந்தும் அங்கே சட்டச் சிக்கலாகலாம். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேலோ, கோடீன் 1 சதவீதத்துக்கு மேலோ இருந்தால் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லக் கூடாது. மற்ற மருந்துகளை ஒரு மாதத் தேவைக்குள், டாக்டர் சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவச் செலவு முழுக்க உங்கள் பொறுப்பு. அதைக் கட்டாமல் ஊர் திரும்பினால் அடுத்த முறை நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பலாம். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள்.

ஆண்டு இறுதி நெரிசலில் நொசோமி புல்லட் ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கே. டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

தட்டில்

புத்தாண்டுச் சூப்பில் மிதக்கும் மோச்சி, அரிசியை இடித்துச் செய்வது. கடித்து இழுத்தால் ஜவ்வுபோல் நீளும். அவசரமாக விழுங்கினால் தொண்டையை அடைத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் இதனால் முதியவர்கள் இறக்கிறார்கள். டோக்கியோ தீயணைப்புத் துறையும் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. சிறு துண்டாக நறுக்கி, முதலில் தேநீரால் தொண்டையை நனைத்து, நன்றாக மென்று சாப்பிடுங்கள். யாருக்காவது அடைத்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 119ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள்.

டிசம்பர் 31 இரவு உண்ணும் சோபா நூடுல்ஸில் காய்கறி மட்டும் தெரிந்தாலும், சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் இறக்கியது. சைவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். அந்த நூடுல்ஸின் பக்வீட் மாவு சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். பாக்கெட் உணவில் அது இருந்தால் குறிப்பிட்டாக வேண்டும் என்பது சட்டம்.

தரையில்

புத்தாண்டுக்குப் பிறகும் தங்குபவர்களுக்கு இன்னொரு கொண்டாட்டம் உண்டு. பிப்ரவரியில் சப்போரோ நகரில் நடக்கும் பனித் திருவிழா, 1950இல் பள்ளி மாணவர்கள் செய்த ஆறு பனிச் சிலைகளோடு தொடங்கியது. சிலையை அண்ணாந்து பார்க்கும்போது காலடியையும் கவனியுங்கள். ஈரம்போல் மினுங்கும் இடம் பனிக்கட்டியாக இருக்கும். பலர் சறுக்குவது, சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல்தான். குறுகிய அடியாக, முழுப் பாதமும் பதிய நடங்கள். கைகளைப் பாக்கெட்டில் விடாதீர்கள். காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டை அங்குள்ள கடைகளிலேயே கிடைக்கும்.

ஏமாறாதிருக்க

கபுகிச்சோ போன்ற கேளிக்கைப் பகுதிகளில் 'மலிவு பார்' என்று கூப்பிடும் ஆட்களைப் பின்தொடர வேண்டாம். நுழைந்தபின் பில் எகிறினால் சண்டை போடாமல், அருகிலுள்ள 'கோபான்' காவல் சாவடியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஆனால் மதுவிடுதியில் கேட்காமலே வரும் சிறு கிண்ணம் 'ஒதோஷி'. அதற்குக் காசு வாங்குவது வழக்கம், மோசடியல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கான நுகர்வோர் உதவி மையத்துக்கும் அரசு அலுவலகங்களைப் போலவே அந்த ஆறு நாளும் விடுமுறை. எனவே ரசீதைப் பத்திரப்படுத்தி, திறந்ததும் புகார் செய்யுங்கள்.

பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 1 லட்சம் யென் வரை அபராதம்.

கையில் ஒரு தாள்

ஆம்புலன்ஸ் 119, கட்டணம் கிடையாது. காவல்துறை 110. ஆங்கிலத்தில் 24 மணி நேரமும் உதவும் சுற்றுலா எண் 050-3816-2787. டேட்டா மட்டும் உள்ள சிம்மிலிருந்து 119, 110 எண்களுக்குப் பேச முடியாது. பொதுத் தொலைபேசியில் அந்த இரு எண்களுக்கும் காசில்லாமலே பேசலாம். குளிரில் செல்போன் சார்ஜும் சீக்கிரம் இறங்கும். அதனால் இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் இன்றே செருகி வையுங்கள்.